அரசியலைப் படிப்பதால் என்ன பயன்?

நம் ஆவடிக்கு அரசியல் புதிதன்று. 1955-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் காங்கிரஸ் மகாசபை இங்கே கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயமே தேசத்தின் இலட்சியம் என்று தீர்மானித்தது. அந்தச் சரித்திரத்தை வகுப்பில் சொல்லிக் கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா! அரசியலை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் படிக்கிறவர்களால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன கதையை நேயர்களுக்கும் சொல்லுகிறேன்.

ஏ. ஜெயரத்தினம் வில்சன் 1928-இல் பிறந்த இலங்கைத் தமிழர். தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தின் மாப்பிள்ளை. பேராதனையில் அரசியல் சாஸ்திரப் பேராசிரியராய் விளங்கியவர், 1972-இல் கனடாவிலுள்ள நியூ பிரன்ஸ்விக் சர்வகலாசாலைக்குச் சென்றார். அதே வருஷம் இலங்கை குடியரசாயிற்று. சிறுபான்மையோருக்குக் காப்பாகப் பழைய அரசியல் சட்டத்தில் இருந்த 29-ஆம் பிரிவு புதியதில் இடம் பெறவில்லை.

1977 தேர்தலில் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் கட்சி 168 ஸ்தானங்களில் 140-ஐப் பிடித்தது. மறு வருஷமே, பிரான்ஸ் தேசத்து முறையைத் தழுவி, ஜனாதிபதியிடம் நிர்வாக அதிகாரத்தைக் குவிக்கும் அரசியல் சட்டம் வந்தது. வில்சன் அதை ஆராய்ந்து 1980-இல் ஒரு நூல் வெளியிட்டார். நூலோடு நிற்கவில்லை; ஜனாதிபதிக்கும் தமிழ்த் தலைவர்களுக்கும் நடுவே சமரசத் தூதும் நடந்தார். கரையில் நின்று வெள்ளத்தை அளந்தவர், வெள்ளத்திலேயே இறங்கிவிட்டார்!

தூது பலிக்கவில்லை. 1982 டிசம்பரில் ஜனங்களிடம் வாக்கெடுத்து, பொதுத் தேர்தல் இல்லாமலே பார்லிமெண்டின் ஆயுளை ஆறு வருஷம் நீட்டினார்கள். 1983 ஜூலையில் தமிழர் வீடுகளும் கடைகளும் பற்றி எரிந்தன. ஆகஸ்டில் பிரிவினைக்கு எதிராகப் பிரமாணம் கேட்கும் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. அதை ஏற்காத தமிழ் அங்கத்தினர்கள் ஸ்தானம் இழந்தார்கள். 1988-இல், இலங்கை உடைந்த விதத்தை வில்சன் நூலாக எழுதினார். தாம் நடந்த தூதின் கதையையும் அதில் சொன்னார். 2000-இல் கனடாவில் காலமானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 29-ஆம் பிரிவு போனதும், தேர்தல் தள்ளிப் போனதும், அங்கத்தினர்கள் வெளியேறியதும் எல்லாம் சட்டத்தின் பெயராலேயே நடந்தன. பட்டாளம் வந்து சபையைப் பிடிக்கவில்லை. நம் தேசத்தில் அவசர நிலையைக் கொண்டுவந்த சர்க்காரை 1977 மார்ச்சில் ஜனங்கள் வீட்டுக்கு அனுப்ப முடிந்ததென்றால், அதற்குக் காரணம் தேர்தல் என்ற ஒன்று நடந்ததுதான்.

"தம்பி, நம் பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? கரை ஒரே நாளில் உடைவதில்லை. எலி வளை தோண்டும்போதே கண்டு சொல்ல ஒருவன் வேண்டும். அவன் சொன்னதற்காக வெள்ளம் நின்றுவிடும் என்பதில்லை. ஆனால் அடுத்த கரையைக் கட்டுகிறவன் அவனைத்தான் தேடி வருவான்" என்றேன்.

பையன் சிறிது யோசித்துவிட்டு, "அப்படியானால் வளையை நாங்களும் பார்க்கக் கற்க வேண்டும், இல்லையா?" என்றான். அன்றைய பாடத்தை அத்துடன் முடித்துக் கொண்டேன்.