ஆதனக்கோட்டையின் புகை வாசம்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் பேருந்தில் கண்ணயர்ந்தவரையும் ஆதனக்கோட்டை எழுப்பிவிடும். கண்டக்டர் குரல் கொடுக்கவே வேண்டாம், முந்திரிக்கொட்டை வறுபடும் புகை ஜன்னல் வழியே முதலில் ஏறிக்கொள்ளும்.

சாலையோரத்தில் அதை வறுக்கும் பெண்களின் வேலை பார்ப்பதற்கு எளிது, செய்வதற்கு அல்ல. கொட்டையின் தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். தீயில் போட்டதும் அதே எண்ணெய் பற்றிக்கொண்டு குப்பென்று எரியும். எரிய விட்டால் பருப்பு கரி, அவசரப்பட்டு இறக்கினால் பச்சை வாடை. நடுவில் ஒரு கணம் இருக்கிறது. அது அவர்கள் கைக்குத் தெரியும். ஆறியதும் ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்து, பருப்பு சிதறாமல் எடுக்க வேண்டும். பண்ருட்டிப் பக்கத்து ஆலைகளிலிருந்து வரும் பருப்பு வெளேரென்று ஒரே நிறமாக இருக்கும். இங்கே வறுத்ததில் அங்கங்கே கருகல் புள்ளி, நாக்கில் லேசான புகைச் சுவை. பாயசத்துக்கு அது, கொறிக்க இதுதான்.

இப்படிச் சுவைக்கு ஊர் அடையாளம் இருப்பது இங்கே மட்டுமல்ல; மெக்ஸிகோவின் தெருச் சாப்பாட்டையும் அந்நாட்டார் ஊரைச் சொல்லியே பேசுவார்கள். ஒஹாக்கா என்றால் பெரிய தட்டு அகலத்துக்கு மொறுமொறுப்பான த்லாயுதா என்ற மக்காச்சோள ரொட்டி. யுகட்டான் என்றால் வாழையிலையில் பொதிந்து வேகவைத்த பன்றிக்கறி. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைக்கும் பழக்கம் இரண்டு இடத்துக்கும் பொது. அந்நாட்டின் பாரம்பரியச் சமையலை 2010இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நமக்கும் அந்த மண்ணுக்கும் உறவில்லை என்று சொல்லிவிட முடியாது: நம் குழம்பில் கொதிக்கும் மிளகாய் அங்கே பயிராக்கப்பட்டது. முந்திரியோ பிரேசில் பக்கத்து மரம், பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. மலையாளத்தில் அதற்கு இன்றும் ‘பறங்கிமாவு’ என்றே பெயர்.

வந்தேறி மரம் புதுக்கோட்டைச் செம்மண்ணில் ஊன்றிக்கொண்டது. பிறகு முந்திரி நின்ற இடங்கள் பலவற்றில் தைலமரம் ஏறியது. மீதியிருந்த தோப்புகளை 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேரோடு சாய்த்தது. கந்தர்வகோட்டை, ஆலங்குடிப் பக்கத்தில் அதைப் பற்றிக் கேட்டால் இன்னமும் பேச்சு நீளும். உள்ளூர்க் கொட்டை குறைந்தால் வெளியூர்க் கொட்டையை விலை கொடுத்து வாங்கித்தான் அடுப்பு மூட்ட வேண்டும்.

சாலையோரத்தில் வறுத்து விற்கும் இவர்களுக்குச் சட்டத்தின் துணையும் இல்லை. 2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. விற்பனைக் குழு, அடையாள அட்டை எல்லாம் நகரத்துத் தள்ளுவண்டிக்கு உண்டு. கிராம ஊராட்சி எல்லையில், நெடுஞ்சாலை ஓரத்தில் அடுப்பு வைத்திருப்பவர் அந்தக் கணக்கில் வருவதில்லை. சாலையை அகலப்படுத்த அளவெடுக்க வரும்போதுதான் அவர் அங்கே இருப்பதே கண்ணில் படும்.

உணவுத் திருவிழா என்றால் பந்தல் போடவும் பலகை வைக்கவும் நம்மவர்களுக்கு யோசனையே தேவையில்லை. ஆதனக்கோட்டை கேட்கக்கூடியது அதைவிடச் சின்னது: புகை மேலே போக ஒரு போக்கி வைத்த வறுப்புக் கொட்டகை, கை வேகாமல் இருக்க உறை, சாலைக்குச் சற்றுத் தள்ளி விற்க நிரந்தரமாக ஓர் இடம். அடுப்பையே எடுத்துவிட்டு இயந்திரத்தை இறக்குவது முன்னேற்றம் என்று யாராவது திட்டம் தீட்டினால், அந்தக் கருகல் புள்ளி போய்விடும். பேருந்தை நிறுத்தி வாங்குவதற்குக் காரணமும் போய்விடும்.

பண்ருட்டியும் ஆதனக்கோட்டையும் ஒரே சாலையில்தான் இருக்கின்றன, விக்கிரவாண்டியில் தொடங்கும் 36ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில். பண்ருட்டியில் வாங்கிய வெள்ளைப் பருப்புப் பொட்டலம் மடியில் இருக்க, இங்கே இறங்கி இன்னொரு கால் கிலோ வாங்குகிறவர்களும் உண்டு.