காலை ஸ்டார்ட்டில் 'கடகட' சத்தமா?

கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கம் செகண்ட் ஹேண்ட் டீசல் ஸ்விஃப்ட் வைத்திருப்பவரா நீங்கள்? மாருதி 2020-லேயே டீசல் கார்களை நிறுத்திவிட்டது. உங்கள் வண்டிக்கும் வயதாகியிருக்கும்.

இரவெல்லாம் நின்ற வண்டி, ஸ்டார்ட் ஆனதும் சில விநாடிகள் 'கடகட'வென்று சத்தம் போட்டு அடங்கினால் டைமிங் செயினைச் சந்தேகப்படுங்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. ஆயில் ஏறும்வரை தொய்ந்த செயின் அடித்துக்கொள்ளும்.

"இது ஃபியட்டின் 1.3 லிட்டர் இன்ஜின், பெல்ட் கிடையாது, செயின்தான். ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்" என்று விற்றவர் சொல்லியிருப்பார். நம்பாதீர்கள். நேரத்துக்கு ஆயில் மாற்றாத வண்டியில் கண்ணிகளின் பின்கள் தேய்ந்து செயின் நீளும். பல் தாண்டினால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். அப்புறம் ஹெட்டையே இறக்க வேண்டியதுதான்! கரிசல் தூசியில் ஓடும் வண்டிக்கு ஆயில், ஏர் ஃபில்டர் இரண்டையும் சற்று முன்னதாகவே மாற்றிவிடுங்கள்.

வீட்டிலேயே செயின் மாற்றலாமா? யூடியூப் பார்த்துவிட்டு ஸ்பேனர் எடுப்பவர்கள் உண்டு. ஆனால், செயின் மூடியைக் கழற்ற அடியிலுள்ள ஆயில் சம்ப்பையும் இறக்க வேண்டும் (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்கவே கூடாது). கிராங்க், கேம் ஷாஃப்ட்களை அசையாமல் பூட்ட அதற்கான லாக்கிங் டூல் வேண்டும். சாக்பீஸ் கோடு போதாது. டூல் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள். டென்ஷனர், கைடுகளையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

யார் மாட்டினாலும் உடனே சாவியைத் திருப்பக் கூடாது. கேம் ஒரு சுற்று வர, கிராங்க் இரண்டு சுற்று சுற்றும். அந்த இரண்டு சுற்றையும் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நடுவில் எங்காவது தடுத்தால் பலம் கொடுக்காமல் நிறுத்திவிட்டு, மறுபடி கழற்றிப் பாருங்கள்.