ஓட்டை வழியே ஒரு பயணம்

மார்கழி பிறந்துவிட்டால் ஆனேக்கல் வட்டாரத்துத் தெருக்களில் விடிகாலை நாலரை மணிக்கே வேலை தொடங்கிவிடும். ஜிகனி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளுக்கு முதல் ஷிப்ட் ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன்கள், எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்பெனி கார்கள், பெங்களூர் மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிய டெம்போக்கள் என்று எல்லாமே அந்த நேரத்தில்தான் கிளம்பியாக வேண்டும். இரவெல்லாம் வெட்டவெளியில் நின்ற வண்டியின் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றினாற்போல வெள்ளை. குல்லாவும் மஃப்ளருமாக வரும் டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பழைய துணியை உருவுகிறார். தன் முகத்துக்கு நேராக ஒரு தோசை அகலத்துக்குத் தேய்க்கிறார். அவ்வளவுதான், வண்டி புறப்பட்டுவிட்டது.

மிச்சக் கண்ணாடி? போகப் போக வெயில் பார்த்துக்கொள்ளும். பக்கக் கண்ணாடி, பின்கண்ணாடி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரியர்வியூ கண்ணாடி ஆகியவற்றை அநேகமாக யாரும் தொடுவதில்லை. அத்திப்பள்ளியிலோ சந்தாபுராவிலோ தேசிய நெடுஞ்சாலையில் ஏறும்போது அந்த வண்டி கிட்டத்தட்ட ஒற்றைக்கண் வண்டி. அந்தக் கண்ணுக்கும் பாதிப் பார்வைதான்.

இத்தனைக்கும் ஆனேக்கலில் தண்ணீர் உறைவதில்லை. பெங்களூர் நகரத்தைப் போலவே இதுவும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அதுவும் 1884 ஜனவரி 13ஆம் தேதி. ஐஸைச் சுரண்டி எடுக்கும் பிளாஸ்டிக் கரண்டிக்கு இந்த ஊரில் வேலை கிடையாது. இங்கே தொல்லை கொடுப்பது வெறும் தண்ணீர்.

தமிழில் எல்லாவற்றுக்கும் 'பனி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறோம். புல் நுனியில் நிற்பதும் பனி, சாலையை மறைப்பதும் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி. ஆனேக்கலில் கன்னடம் பேசுகிறவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். காற்றில் மிதந்து கண்ணை மறைப்பதை 'மஞ்சு' என்பார்கள், இலையிலும் கண்ணாடியிலும் துளியாக நிற்பதை 'இப்பனி' என்பார்கள். டிரைவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். மஞ்சை யாரும் துடைக்க முடியாது, மெதுவாகத்தான் போக வேண்டும். இப்பனியைத் துடைத்துவிடலாம். துடைக்க முடிந்ததைத் துடைக்காமல் விட்டுவிட்டு 'பனி மூட்டம் சார், ஒன்றும் தெரியவில்லை' என்று பழியை மஞ்சின் மேல் போடுவதுதான் நடக்கிறது.

கண்ணாடியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து விழுவதில்லை. மேகமில்லாத இரவில் கண்ணாடியும் தகரமும் தங்கள் சூட்டைத் திறந்த வானத்தை நோக்கி இழக்கின்றன. சுற்றியுள்ள காற்றைவிடவும் அவை அதிகமாகக் குளிர்ந்துபோகின்றன. காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் துளியாகிவிடுகிறது. ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்க்கிற அதே கதை. ஏரிகள் நிறைந்த ஆனேக்கல் தாலுக்காவில் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

வேப்பமரத்தடியில் நிறுத்திய வண்டி காய்ந்து கிடக்க, நாலடி தள்ளி வெட்டவெளியில் நின்றது மட்டும் நனைந்திருக்கும் ரகசியமும் இதுதான். மரக்கிளை வண்டிக்கும் வானத்துக்கும் நடுவே கூரையாக நிற்கிறது. கூரையில்லாத வண்டிக்கு ஒரு பழைய போர்வையோ அட்டையோ அதே உதவியைச் செய்யும். இரவில் முன்கண்ணாடி மேல் விரித்து வைப்பர் கம்பிகளால் அழுத்திவிட்டால் காலையில் துடைக்கும் வேலையே மிச்சம்.

இந்த விவகாரத்தில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பனி கண்ணாடிக்கு வெளியேயா, உள்ளேயா? வெளியே என்றால் வைப்பர் போதும். உள்ளே என்றால் வைப்பரை எவ்வளவு ஓட்டினாலும் பயனில்லை. கதவை மூடிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வேனில் உட்கார்ந்தால், அத்தனை பேர் மூச்சிலும் இருக்கும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில்தான் போய் ஒட்டும். நனைந்த செருப்பும் ஈர மிதியடியும் அதோடு சேர்ந்துகொள்ளும். டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் துடைக்கிறார். இரண்டு நிமிடத்தில் மறுபடியும் வெள்ளை. துணி ஈரத்தை இடம் மாற்றுகிறதே தவிர வெளியேற்றுவதில்லை.

இதற்கு மருந்து வண்டியிலேயே இருக்கிறது. ஏ.சி.தான் அது. குளிர்காலத்தில் ஏ.சி.யா என்று சிரிக்க வேண்டாம். ஏ.சி. காற்றைக் குளிர வைப்பதோடு உலர்த்தவும் செய்கிறது. காற்றிலிருக்கும் ஈரம் அதன் குளிர்ந்த குழாய்களில் பட்டுத் தண்ணீராகி வண்டிக்கு அடியில் சொட்டிவிடும். கூடவே ஹீட்டரையும் திருப்பிவிட்டால் உலர்ந்த வெதுவெதுப்பான காற்று முன்கண்ணாடியில் அடிக்கும். வெளிக்காற்று உள்ளே வரும்படி பித்தானை வைக்க வேண்டும். உள்காற்றே சுற்றிக்கொண்டிருந்தால் பயணிகளின் மூச்சும் அதோடு சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஓரிரு நிமிடத்தில் கண்ணாடி தெளிந்துவிடும்.

பிறகு ஏன் போடுவதில்லை? ஏ.சி. போட்டால் டீசல் குடிக்கும். பல வாடகை வண்டி டிரைவர்களுக்கு முதலாளியின் முதல் கட்டளையே 'கேட்டால் மட்டும் ஏ.சி. போடு' என்பதுதான். குளிரில் எந்தப் பயணி கேட்கப் போகிறார்? சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கோ டீசல் செலவு நேரடியாகப் பாக்கெட்டிலிருந்து போகிறது. 2024 ஏப்ரலில் ஹைதராபாத்தில் ஆப் மூலம் ஓடும் டாக்சி டிரைவர்கள், கிடைக்கிற கட்டணத்துக்கு ஏ.சி. போட்டால் கட்டுப்படியாகாது என்று சொல்லி 'நோ ஏ.சி.' பிரசாரமே நடத்தினார்கள். அவர்கள் சொன்னது கோடை வெயிலில். குளிர்காலத்தில் அதே கணக்கு கண்ணாடியில் வெள்ளையாகப் படிகிறது. வெயிலில் ஏ.சி. இல்லாவிட்டால் பயணிக்கு வியர்க்கும். பனியில் இல்லாவிட்டால் டிரைவருக்குக் கண் தெரியாது.

சென்னைவாசிகளுக்குக் கதை தலைகீழ். மழைக்கால இரவில் ஏ.சி.யை முழுவேகத்தில் வைத்து ஓட்டினால் கண்ணாடி உள்பக்கமிருந்து குளிர்ந்து, வெளியே இருக்கும் புழுக்கக் காற்றின் ஈரம் அதன் வெளிப்பக்கத்தில் படியும். அங்கே செய்ய வேண்டியது வைப்பரை ஒருமுறை போட்டு, ஏ.சி.யின் குளிரைக் கொஞ்சம் குறைப்பது. ஒரு விரலால் கண்ணாடியின் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் போதும், பனி எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

நிஜமான ஐஸைப் பார்க்க வேண்டுமென்றால் ஊட்டிக்குப் போக வேண்டும். 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தாவரவியல் பூங்காப் புல்வெளியும் குதிரைப் பந்தய மைதானமும் தலைக்குந்தா சமவெளியும் உப்பைத் தூவியது போல வெளுத்துக் கிடக்கும். தேயிலைக் கொழுந்து கருகிவிடும் என்று விவசாயிகள் இளஞ்செடிகளைத் தழை போட்டு மூடுவார்கள். விடுதி வாசலில் நிற்கும் சமவெளிக்காரர்களின் கார் கண்ணாடியில் மெல்லிய ஐஸ் தகடு ஒட்டிக்கொண்டிருக்கும். வானிலை அறிக்கையில் 2 டிகிரி என்று போட்டிருந்தாலும் இது நடக்கும். தெர்மாமீட்டர் அளப்பது தரைக்கு நாலடிக்கு மேல் நிழலில் இருக்கும் காற்றை. வானத்தைப் பார்த்துக் கிடக்கும் கண்ணாடியோ அதற்குள் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும்.

அங்கே சமவெளிக்காரர்கள் முதலில் கேட்பது ஒரு பக்கெட் வெந்நீர். அதைத்தான் செய்யக் கூடாது. உறைந்த கண்ணாடியில் கொதிநீர் பட்டால் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் நிற்கும். ஏற்கெனவே சின்னக் கல்லடி பட்டிருந்தால் விரிசல் கண்ணாடி முழுக்க ஓடிவிடும். ஐஸ் மேல் வைப்பரை ஓட்டுவதும் தப்பு. ரப்பர் கிழியும், மோட்டாரும் சூடாகும். சாதாரணத் தண்ணீரை ஊற்றி, பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி, பிறகு உலர்ந்த துணியால் துடைப்பதுதான் சரியான வழி. டிசம்பர் 21இல் தொடங்கி 40 நாள் நீளும் 'சில்லாய் கலான்' குளிரில் காஷ்மீர் டிரைவர்களுக்கு இது தினசரி வழக்கம். டொராண்டோவில் குடியேறிய யாழ்ப்பாணத்துக்காரர்களின் காரிலும் சுரண்டும் தகடும் உறையாத வைப்பர் திரவமும் ஸ்டெப்னி போலக் கட்டாயச் சாமான்கள்.

வைப்பர் பிறந்த கதையே இந்த ஓட்டை வழிப் பயணத்திலிருந்துதான். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் ஒரு குளிர்காலத்தில் நியூயார்க்கில் டிராம் வண்டியில் போனார். பனி விழ விழ, டிரைவர் கண்ணாடியைத் திறந்து தலையை வெளியே நீட்டித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. உள்ளே உட்கார்ந்தபடியே கைப்பிடியால் இயக்கும் ரப்பர் துடைப்பானை வடிவமைத்து, 1903 நவம்பர் 10ஆம் தேதி காப்புரிமை பெற்றார் மேரி. ஒரு கனடா நிறுவனத்திடம் விற்கப் போனபோது, இதற்கு வியாபார மதிப்பு இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். உலகத்துக் கார்களெல்லாம் வைப்பர் மாட்டிக்கொள்வதற்குள் காப்புரிமைக் காலம் முடிந்துபோனது. மேரிக்குக் காசு கிடைக்கவில்லை. விட்டு விட்டு இயங்கும் வைப்பரைக் கண்டுபிடித்த ராபர்ட் கியர்ன்ஸ் கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. ஃபோர்டு கம்பெனியோடு கோர்ட்டில் மல்லுக்கட்டி 1990இல் ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்கினார்.

நம் நாட்டுச் சட்டமும் கண்ணாடியைச் சும்மா விடவில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், முன் பின் கண்ணாடிகள் வழியே குறைந்தது 70 சதவிகித வெளிச்சமும் பக்கக் கண்ணாடிகள் வழியே 50 சதவிகித வெளிச்சமும் ஊடுருவ வேண்டும் என்கின்றன. வைப்பரும் கட்டாயம். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிம்களுக்குத் தடை விதித்தபோது நாடு முழுக்கப் போலீஸ்காரர்கள் சாலையோரம் நின்று ஃபிலிம் உரித்தார்கள். ஆனால் விடிகாலை ஐந்து மணிக்கு முழுக்கண்ணாடியும் வெளுத்துப்போன ஒரு வேனை நிறுத்தி, 'துடைத்துவிட்டுப் போ' என்று யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. பிரிட்டனின் சாலை விதி நூல் இதில் கறார். எல்லாக் கண்ணாடிகளிலும் உள்ள பனியை நீக்கிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும் என்று அது தெளிவாகவே சொல்லிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் தாண்டுகிறது. 60 என்றால் கிட்டத்தட்ட 17 மீட்டர். தோசை அகல ஓட்டையில் நேர்ச்சாலை தெரியும். இடது ஓரத்திலிருந்து சாலையைக் கடக்க வருகிறவர் தெரியமாட்டார். அவர் ஓட்டைக்குள் வந்து சேரும்போது பிரேக் பிடிக்க இடம் மிச்சமிருக்காது. அந்த நேரத்தில் சாலையோரத்தில் நடமாடுகிறவர்கள் யார்? பால் கேன் கட்டிய சைக்கிள்காரர், முதல் ஷிப்டுக்கு ஓடும் கார்மென்ட் தொழிலாளப் பெண்கள், துடைப்பமும் கையுமாக வரும் துப்புரவுப் பணியாளர்கள். எதிரே வருவது எத்தனை பெரிய வண்டி என்று அவர்களுக்குத் தெரியும். வண்டிக்குள் இருப்பவருக்குத் தாங்கள் தெரியவில்லை என்பது மட்டும் தெரியாது.

டிரைவரை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தே முக்காலுக்குக் கேட் முன்னால் நிற்க வேண்டும், தாமதமானால் பில்லில் பிடித்தம் என்று ஒப்பந்தம் போடுகிற கம்பெனிகள் டிசம்பரிலும் மே மாதத்திலும் ஒரே நேரக் கணக்கைத்தான் வைத்திருக்கின்றன. ஆக்ராவுக்குப் போகும் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் குளிர்காலத்துக்கென்று வேக வரம்பைக் குறைக்கிறார்கள். அதுபோல மார்கழி, தை இரண்டு மாதங்களுக்குப் புறப்படும் நேரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தால் யாருடைய உற்பத்தியும் குறைந்துவிடாது. முதலாளிகள் காலை டிரிப்புக்கு மட்டுமாவது 'கண்ணாடி தெளியும்வரை ஏ.சி. போடு' என்று வாய் திறந்து சொல்லலாம். அதற்காகும் டீசல், ஒரு டீக்காசைத் தாண்டாது.

டிரைவர் பங்குக்கு ஐந்து நிமிடம். நாலு பக்கக் கண்ணாடியும், வெளிக் கண்ணாடிகள் இரண்டும், விளக்குகளும் துடைக்க அது போதும். வாரம் ஒருமுறை உள்பக்கக் கண்ணாடியை ஈரச் செய்தித்தாளால் தேய்த்து, காய்ந்த தாளால் துடைத்துவிட்டால் பனி படிவதே குறையும். பிசுக்கும் புகைக் கறையும் ஏறிய கண்ணாடியில்தான் அது விடாப்பிடியாக ஒட்டுகிறது.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அது துளைக்கிறபடி துளைக்கட்டும். முன்கண்ணாடியில் மட்டும் நாம் ஒரு துளை போட்டுக்கொண்டு கிளம்பாமல் இருந்தால் சரி.