அடையாள அட்டை எண்ணும் இணையப் படிவமும்



2022இல் எரிபொருள் கியூஆர் பதிவு, 2023இல் அஸ்வெசும மேன்முறையீடு என்று இணையப் படிவங்கள் நம் லயன் வாசல் வரை வந்துவிட்டன. பசறை, லுணுகலைப் பக்கத்தில் ஒரு படிவத்துக்காகக் கொமியூனிகேஷன் கடைக்குப் போனால் அன்றைய பேர் அரைப் பேராகிவிடும். அங்கே எல்லாம் நிரப்பி அனுப்பிய பின், சிவப்பில் "பிழை" என்று மட்டும் காட்டி, எழுதியதையெல்லாம் அழித்துவிடும் படிவங்களும் உண்டு. தாம் படிக்காததால்தான் இப்படி என்று பெண்கள் தலை குனிகிறார்கள். பல வேளைகளில் பிழை படிவத்தில்தான்.

பக்கத்துக்குள் இருந்து வேலை செய்யும் சிறு நிரலை ஜாவாஸ்கிரிப்ட் என்பர். 1995இல் பிரெண்டன் ஐக் என்பவர் அதன் முதல் வடிவத்தைப் பத்து நாளில் எழுதினார். அது நம் கைபேசியிலேயே இயங்குகிறது. ஆகவே பக்கம் ஒருமுறை வந்துவிட்டால், இடையில் சிக்னல் போனாலும் எண்ணைச் சரிபார்க்க முடியும். உங்கள் மகளோ தங்கையோ பதுளையில் கணினி படித்தால் இனி வருவதை அவளிடம் வாசித்துக் காட்டுங்கள்.

நமது பழைய அடையாள அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் வரும் புதியதில் 12 இலக்கங்கள். படிவம் இரண்டையும் ஏற்க வேண்டும். இடையில் இடைவெளி விட்டாலோ, கடைசி எழுத்தைச் சிறிதாக அடித்தாலோ நிரலே திருத்திக்கொள்ளலாம். அதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்புவது அநியாயம். குறை இருந்தால் அந்தப் பெட்டிக்குக் கீழேயே, தமிழில், "ஓர் இலக்கம் குறைகிறது" என்று சொல்லட்டும்.

பிறந்த திகதியும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. 83572 என்று தொடங்கினால் பிறந்த ஆண்டு 1983. பெண்களுக்கு நாள் எண்ணுடன் 500 கூட்டப்படும். கழித்தால் 72ஆம் நாள். இங்கேதான் படித்த பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். நமது அட்டையில் எல்லா வருடமும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கு. அப்படியானால் அவர் பிறந்தது மார்ச் 12. நிரலைச் சும்மா எண்ணவிட்டால் மார்ச் 13 என்று சொல்லும். பிறப்புச் சான்றிதழோடு ஒரு நாள் முரண்பட்டால் அலுவலகத்தில் என்ன பாடு என்பதை இடம்பெயர்ந்து பத்திரங்களைத் தொலைத்தவர்களிடம் நான் சொல்லத் தேவையில்லை. நெட்டாண்டான 2000ஐ வைத்து மாதத்தையும் நாளையும் கணக்கிட்டால் சரியாக வரும். அதன் பின்னும் "இது சரியா?" என்று கேட்டுவிட்டே நிரப்ப வேண்டும்.

பெயர்ப் பெட்டியிலும் கவனம் தேவை. தமிழ் எழுத்துகளை ஏற்கிறோம் என்று சொல்லும் சில நிரல்கள் புள்ளியையும் கொம்பையும் எழுத்தாகக் கருதாமல் தள்ளிவிடும்.

பாதி நிரப்பியதைக் கைபேசியிலேயே சேமித்து வைக்கவும் வழியுண்டு. சிக்னல் அடிக்கடி போகும் தோட்டத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் ஒரு கைபேசியை நாலு வீட்டார் பாவிக்கும் லயனில், காணாமற்போன கணவரைப் பற்றி ஒருத்தி எழுதியது அடுத்தவர் கண்ணில் படக்கூடும். எனவே கேட்காமல் சேமிக்கக் கூடாது என்பது என் கருத்து. "இது உங்கள் சொந்தத் தொலைபேசியா?" என்று முதலில் கேட்கட்டும். இல்லையென்றால், பக்கத்தை மூடியதும் அழிந்துபோகும் சேமிப்பைப் பாவிக்கலாம். சொந்தத் தொலைபேசி என்றாலும், படிவம் போய்ச் சேர்ந்தவுடன் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும்.