ஊர்லயா, காலனிலயா?

2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்றார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. நாமும் வரவேற்கிறோம். ஆனால் ஒரு சொல் எப்படி வசையாகிறது என்று யோசிக்காமல் அதை அழிக்கப் புறப்பட்டால், அடுத்த வசைச்சொல்லுக்கு நாமே அடிக்கல் நாட்டியவர்களாவோம்.

ஆங்கில அகராதியில் 'காலனி'க்குப் பொருள்கள் பல. எறும்புகள் கூடி வாழ்ந்தால் காலனி. ஆய்வகத் தட்டில் பாக்டீரியா பெருகினால் காலனி. வெள்ளையர் பிடித்து ஆண்ட நாடும் காலனிதான். மூலமான இலத்தீன் சொல்லுக்கு உழவர் குடியிருப்பு என்று பொருள். நிலத்தை உழுபவரைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. ரோமானியர் அமைத்த அப்படியொரு குடியிருப்புதான் இன்றைய ஜெர்மனியின் கொலோன் நகரம். இங்கிலாந்தின் லிங்கன் நகரப் பெயருக்குள்ளும் அதே சொல் ஒளிந்திருக்கிறது. காலனியில் பிறந்ததால் இழிவு என்றால், ஆபிரகாம் லிங்கனின் பெயரிலேயே காலனி இருக்கிறது!

நம் நகரங்களுக்கு வருவோம். பேங்க் காலனி, ஆசிரியர் காலனி, ரயில்வே காலனி, போலீஸ் காலனி. இவற்றில் வசிப்பவர் யாரும் முகவரி சொல்லக் கூசுவதில்லை. டெல்லியில் டிஃபென்ஸ் காலனியில் வீடு இருந்தால் அவர் பெரும் பணக்காரர். திருவண்ணாமலையில் பேருந்து ஏறித் தண்டராம்பட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். அதே சொல்லின் முன்னிருந்த அடைமொழி உதிர்ந்துவிடும். வெறும் 'காலனி'. யாருடைய காலனி என்று சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும்.

"தம்பி எந்த ஊரு?" என்று கேட்பார்கள். சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "ஊர்லயா, காலனிலயா?" சாதியின் பெயரை உச்சரிக்காமலேயே சாதியைக் கேட்டுவிடும் வித்தை இது. பெண் பார்க்க வந்தவரும் கேட்பார், வாடகைக்கு வீடு விடுபவரும் கேட்பார். கல்லூரி விடுதியில் முதல் நாள் அறிமுகத்திலும் இது வரும். இதை வாசிக்கும் தோழர்களில் பலருக்கு விளக்கவே வேண்டியிருக்காது.

'சேரி'க்கும் இதுவே நடந்தது. மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பழைய பொருள். புதுச்சேரியும் வேளச்சேரியும் அதற்குச் சாட்சி. ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் வருகிறது, கம்மாணச்சேரியும் வருகிறது. யாருடைய சேரி என்று அப்போது அடைமொழி போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. பின்னர் அடைமொழி உதிர்ந்து சேரி என்றாலே ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பு என்றானது. அந்த இழிவைத் துடைக்கத்தான் அரசு கட்டித்தந்த வீடுகளுக்கு ஹரிஜன காலனி, ஆதிதிராவிடர் காலனி என்று புதுப்பெயர் வந்தது. பெயர் புதிது, இடம் அதே இடம். ஊரைவிட்டுத் தள்ளி, வயலுக்கோ ஓடைக்கோ அந்தப் பக்கம். சாதி போட்ட எல்லைக்கோட்டின் மேல் அரசாங்கம் கான்கிரீட் ஊற்றியது. அப்புறம் புதுப்பெயருக்கும் பழைய நாற்றம் ஏறாமல் என்ன செய்யும்?

அமெரிக்காவில் ஸ்டோக்லி கார்மைக்கேலும் சார்லஸ் ஹாமில்டனும் 1967இல் வெளியிட்ட 'பிளாக் பவர்' நூலில் கறுப்பர் நிலையைக் காலனி ஆதிக்கத்தோடு ஒப்பிட்டார்கள். அங்கே அது ஒடுக்கப்பட்டவர்கள் வைத்த குற்றச்சாட்டு. இங்கே அரசே பெயர்ப்பலகையில் எழுதி நட்டு வைத்தது.

நம் வாதம் 'காலனி' பற்றியது மட்டுமல்ல. அதன் ஜோடிச் சொல்லான 'ஊர்' பற்றியது. ஊர்க்கூட்டம், ஊர்வழக்கம், ஊர்ப் பொதுக்கோவில் என்கிறோமே, அந்த ஊரில் காலனி உண்டா? வரி கட்டும்போது உண்டு, வாக்குப் போடும்போதும் உண்டு. தேர் வரும்போது இல்லை. தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோவில் இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது. அரசுக் கோவிலான அதற்குள், அதே கிராமத்தின் தலித் மக்கள் முதன்முறையாக நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்றுதான். மாவட்ட ஆட்சியரும் காவல்துறை உயர் அதிகாரிகளும் உடன் வர, பெரும் போலீஸ் பாதுகாப்போடு நுழைய வேண்டியிருந்தது. சென்னை மாகாணம் ஆலய நுழைவுச் சட்டம் கொண்டுவந்தது 1947இல்! எதிர்த்தவர்கள் சட்டம் எதையும் காட்டவில்லை, காலங்காலமான வழக்கம் என்றார்கள். யாருடைய வழக்கம்? ஊரின் வழக்கம். அதில் காலனிக்குப் பங்கில்லை.

கிராமத்தை அரசியல் சட்டத்தின் அலகாக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் மறுப்புச் சொன்னது நினைவிருக்கும். 'ஊர்' என்ற சொல்லுக்குள் யார் இல்லை என்பதை அறிந்தவர் அவர்.

2025 அக்டோபரில், தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகளின் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்க அரசாணையும் வந்தது. நாளை அந்தப் பலகையில் எந்தப் பூவின் பெயர் வந்தாலும், எந்தப் புலவரின் பெயர் வந்தாலும் சரி. தள்ளி வைத்த இடம் தள்ளியே இருந்தால் "ஊர்லயா, ரோஜா நகர்லயா?" என்று கேட்க எவ்வளவு நாளாகும்? பெயரோடு இடத்தையும் மாற்றிப் பார்த்த முயற்சி ஒன்று நம்மிடம் உண்டு. 1997இல் கலைஞர் அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரம். நூறு வீடுகள், எல்லாச் சாதியும் அடுத்தடுத்து. அதுவும் ஊருக்கு வெளியே தனியாகத்தான் எழுந்தது, ஊரின் தெருக்களை அது கலைக்கவில்லை. குறை இருக்கிறது. ஆனாலும் யார் பக்கத்தில் யார் வாழ்வது என்பதில் கைவைத்த திட்டம் அது. பலகை மாற்றுவதைவிடப் பல மடங்கு கடினமான வேலை.

இனி புதிதாகக் கட்டும் ரேஷன் கடை, நூலகம், அங்கன்வாடி, துணை சுகாதார நிலையம் எல்லாம் இன்று காலனி எனப்படும் இடத்தில் எழட்டும். ஊர்த்தெருக்காரர்கள் அரிசி வாங்க அங்கே நடந்து வரட்டும். சுடுகாடு ஒன்றாகட்டும், அதற்கான பாதையும் ஒன்றாகட்டும். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1 என்று கிராம சபை கூடும் நாள்கள் உங்களுக்குத் தெரியும். அடுத்த கூட்டம் எங்கே நடக்கிறது என்று ஊராட்சியில் கேளுங்கள். இதுவரை காலனியில் எத்தனை முறை நடந்திருக்கிறது என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.