பொன்னாடைக்கு முன் ஒரு பதிவேடு

மதிப்பிற்குரிய புதுக்கோட்டை மாநகராட்சி மேயர் அவர்களுக்கு,

சுதந்திர தினமோ குடியரசு தினமோ வந்தால் தன்னார்வலர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்துப் படம் எடுப்பது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. மேடையில் பெறுபவர்களைவிடக் கொடுப்பவர்கள் அதிகமாக இருப்பதும் கூடவே வழக்கமாகிவிட்டது. அதை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை, ஆசைப்படுகிறவர்களுக்குப் போர்த்தட்டும். ஆனால் நள்ளிரவில் ரத்தம் கொடுக்க ஆள் தேடித் தருபவர்கள், குளத்தில் இறங்கிச் சீமைக் கருவேலம் வெட்டுபவர்கள், உரிமை கோர ஆளில்லாத உடல்களை அடக்கம் செய்பவர்கள் ஆகியோருக்கு ஒரு மாநகராட்சி செய்யக்கூடிய மரியாதை வேறொன்று இருக்கிறது. அவர்கள் செய்த வேலையை எழுத்தில் பதிந்து, மாமன்றத்தில் படித்து, அதற்குப் பதில் சொல்வதுதான் அது.

தொண்டு என்றால் என்ன என்று புதுக்கோட்டைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் சம்பளம் வாங்காத இளைஞர்களையும் பெண்களையும் நம்பி நடந்தது. மாலையில் வேலை முடிந்து வந்த விவசாயக் கூலிகளுக்கும் கல்குவாரிப் பெண்களுக்கும் அவர்கள் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த இயக்கத்தின் வழியே இந்த மாவட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதிய பிறகு நாடே திரும்பிப் பார்த்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் பெயர் நிலைத்தது, அது நியாயமும்கூட. தெருத்தெருவாகப் பாடம் நடத்திய ஆயிரக்கணக்கானோரோ ‘தொண்டர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள். பெயர் விடுபட்டதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. எந்தத் தெருவில் எது பலித்தது, எங்கே கற்றவர்கள் மறந்துபோனார்கள், ஏன் என்பதெல்லாம் அவர்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. அடுத்து வந்த தொடர்கல்விக் கட்டத்தில் வேகம் தளர்ந்தபோது, கேட்டிருக்க வேண்டியது அவர்களைத்தான்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோதும் இதே கதைதான். மின்கம்பங்களும் தென்னைகளும் சாய்ந்து சாலைகள் அடைபட்டுக் கிடந்த நாட்களில், வெளியிலிருந்து உதவி வருவதற்கு முன்பே பல ஊர்களில் வழி திறந்தவர்கள் உள்ளூர் இளைஞர்கள். புயலுக்குப் பின் கீரமங்கலம், பேராவூரணி பக்கத்து இளைஞர்களும் விவசாயிகளும் கைக்காசு போட்டு ஏரி குளங்களைத் தூர்வாரினார்கள். மரம் அறுக்கும் இயந்திரம் யாரிடம் இருக்கிறது, எந்த வரத்துவாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது, அரிய ரத்த வகை யாருக்கு என்ற விவரங்கள் இன்றும் பெரும்பாலும் தனிமனிதர்களின் கைப்பேசிகளில்தான் இருக்கின்றன. நம் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகும்போது அந்த விவரமும் ஊரைவிட்டுப் போய்விடுகிறது.

தொண்டு செய்பவனுக்கு மரியாதை எதற்கு, எதிர்பார்த்தால் அது தொண்டே இல்லையே என்பார்கள். எதிர்பார்ப்பது அவர்களல்ல, தேவை ஊருக்கு. சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் செல்ல மக்கள் தயங்கியது மனமில்லாமல் அல்ல, வழக்குக்குப் பயந்து. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் உதவுபவருக்குப் பாதுகாப்பு தரும் பிரிவு சேர்க்கப்பட்டது. பேரிடர்க் காலத்துக்கு ஆட்களைப் பயிற்றுவிக்கும் ஒன்றிய அரசின் ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் பயிற்சியோடு கருவிப் பையும் காப்பீடும் உண்டு. உதவுகிறவருக்கு எது தடை என்று கேட்டறிந்து அதை நீக்கியவை இவை. நூறு சால்வைகளைவிட எனக்கு இவை பெரிதாகத் தெரிகின்றன.

இப்படியொரு பதிவேடு தொடங்கினால் அது கட்சிக்காரர்களின் பட்டியலாகிவிடும் என்ற அச்சம் உண்மையானது. பல ஊர்களில் பார்த்து அலுத்த காட்சிதான். அதனால் பெயர்களை மாமன்ற உறுப்பினர்கள் முன்மொழியக் கூடாது. வார்டுகளில் கூடும் பகுதி சபையில் மக்கள் சொல்லட்டும். என்ன வேலை, எந்த இடம், எந்த நாள் என்ற விவரத்தோடு வார்டு அலுவலகச் சுவரில் இரண்டு வாரம் ஒட்டி வையுங்கள். செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்பவரைத் தெருவே காட்டிக்கொடுக்கும். 2024-இல் நகராட்சி மாநகராட்சியானபோது சேர்க்கப்பட்ட ஊராட்சிகளின் மக்களுக்கு இந்தச் சபை கூடுதலாகத் தேவை. கிராம சபையில் எழுந்து பேசிப் பழகிய அவர்களுக்கு இப்போது அந்தச் சபை இல்லை.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு இன்னொன்று. தன்னார்வலரைப் புகழப் புகழ, அரசு தன் கடமையை அவர் தலையில் கட்டிவிடும் என்பது. இதை நான் மறுக்கப்போவதில்லை. சாக்கடை அள்ளுவதும் குளம் காப்பதும் மாநகராட்சியின் வேலை; அதற்குத்தான் வரி கட்டுகிறோம். ஆகவே பதிவேட்டில் இன்னொரு பத்தி வேண்டும்: இந்த வேலை யாருடையதாக இருந்திருக்க வேண்டும்? ஒரே வரத்துவாய்க்காலை ஒரே இளைஞர் குழு அடுத்தடுத்த ஆண்டுகளில் சுத்தம் செய்ததாக வந்தால், அதைப் பாராட்டு என்று மட்டும் வாசித்துவிட்டு நகரக் கூடாது. சம்பந்தப்பட்ட அதிகாரி மாமன்றத்தில் விளக்கம் சொல்ல வேண்டும், அந்தக் குழுவும் அப்போது அவையில் இருக்க வேண்டும். அதிகாரிகளுக்கு இது சங்கடம்தான். அந்தச் சங்கடத்தைத் தாங்க மனமில்லை என்றால் சால்வையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2022 முதல் தமிழ்நாட்டில் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். பதிவேட்டை வாசிக்க அந்த நாள் பொருத்தம். அதற்கு முந்தைய மாமன்றக் கூட்டத்தில் இதற்கான தீர்மானத்தைத் தாங்களே கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செலவு, வார்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்.

இப்படிக்கு,
புதுக்கோட்டைக் குடிமக்களில் ஒருவர்