வாலிபர் நாடகமும் ஊரார் கடமையும்

சென்ற வாரம் நமது காரியாலயத்துக்கு வாலிபர் எண்மர் வந்திருந்தனர். கல்லூரியில் வாசிப்போர் சிலர். படிப்பை முடித்து வேலைக்கு அலைவோர் சிலர். பள்ளிக்கூடத்து மேல் வகுப்பிலிருக்கும் பிள்ளைகள் இருவர். ஆறு மாதமாக ஒரு வீட்டு மொட்டைமாடியில் நாடகமொன்றை ஒத்திகை பார்த்து வருகிறார்கள். ஊர் ஏரி தூர்ந்துபோன கதையே அதன் பொருள். மேடையேற்றும் நாள் நெருங்கவே, நகரத்து மண்டபமொன்றை வாடகைக்குக் கேட்கப் போனார்கள். நிர்வாகி முதலில் தொகையைச் சொன்னார். பிறகு கதையைக் கேட்டார். கதையைக் கேட்ட பிறகு, நாடகப் பிரதியைப் போலீஸாரிடம் காட்டி அனுமதிக் கடிதம் வாங்கி வரும்படி சொல்லி அனுப்பிவிட்டார். பிள்ளைகள் நம்மிடம் பண உதவி கேட்கவில்லை. அவ்விதமொரு சட்டம் இருக்கிறதா என்று மட்டுமே கேட்டார்கள்.

இருந்தது, இன்று இல்லை. இந்த விடையை அவர்களுக்குச் சொன்னதோடு நில்லாமல், ஊரார் அனைவர்க்கும் சொல்வது அவசியமென்று நாம் கருதுகிறோம். மண்டப நிர்வாகியின் மீது நமக்குக் கோபமில்லை. இறந்துபோன சட்டங்கள் ஜனங்களின் மனத்தில் நெடுநாள் உயிரோடிருப்பது உலக வழக்கு. அவர் அச்சம் அவருக்குச் சொந்தமானதன்று; ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுப் பழமையுடையது.

அது பிறந்த வரலாற்றை வாலிபர்கள் அறிதல் வேண்டும். கல்கத்தாவில் பாக்பஜார் என்னும் பேட்டையின் இளைஞர்கள் தமக்குள் கூடி நாடகமாடி வந்தனர். 1872ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், தேசிய நாடகசாலை என்ற பெயரைச் சூட்டிக்கொண்டு, ஒரு வீட்டு முற்றத்தில் மேடை கட்டி, டிக்கெட்டு விற்றுப் பொது ஜனங்களுக்கு நாடகம் நடத்தத் துணிந்தார்கள். தீனபந்து மித்திரரின் 'நீல தர்ப்பணம்' அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் நாடகம். அவுரித் தோட்டத் துரைமார் குடியானவர்களுக்கு இழைத்த கொடுமையைக் கூறுவது அது. இவ்வழியில் எழுந்த மற்றொரு நாடகசாலையார், 1876ஆம் வருஷத் தொடக்கத்தில், வேல்ஸ் இளவரசரைத் தம் வீட்டு அந்தப்புரத்துக்கு அழைத்து உபசரித்த வக்கீல் ஒருவரை மேடையில் பரிகசித்தனர். வைஸ்ராய் நார்த்புரூக் பிரபுவுக்குப் பொறுக்கவில்லை. உடனே அவசரச் சட்டம் பிறந்தது. அவ்வருஷ முடிவுக்குள் அது 19வது சட்டமாக நிலைபெற்றது. துப்பாக்கியும் பீரங்கியும் உடைய சர்க்கார், ஒரு பேட்டைப் பிள்ளைகளின் அரிதாரத்துக்கு அஞ்சியது என்பதே இதன் சாரம்.

அச்சட்டத்தின்படி, சர்க்கார் மீது வெறுப்பை எழுப்பக்கூடியதென்று கருதப்படும் நாடகத்தை அதிகாரிகள் தடுக்கலாம். தடையை மீறினவர்க்கு மூன்று மாதம் வரை சிறை. குறித்த பிரதேசங்களில் லைசென்சும் முன்கூட்டிப் பிரதியும் வேண்டும். சமய உற்சவங்களில் நிகழும் கூத்துக்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. தமிழ்நாட்டு மேடையிலோ புராணமே தேசபக்தர்க்குக் கவசமாயிற்று. முருகன் வேஷத்தில் வந்து சுயராஜ்யப் பாட்டுப் பாடினார் விசுவநாததாஸ். பாடியதற்காகப் பன்முறை சிறை புகுந்தார். 1940ஆம் வருஷம் டிசம்பர் 31ஆம் தேதி சென்னையில் அதே வேஷத்தில், மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

சுதந்திரம் வந்தபின் இத்தகைய சட்டம் தொலைந்திருக்க வேண்டுமன்றோ? தொலையவில்லை. 1954ஆம் வருஷத்தில் சென்னை ராஜ்யம் தனக்கென்றே ஒரு நாடகச் சட்டம் செய்துகொண்டது. எம். ஆர். ராதாவின் இராமாயண நாடகமே அதற்குத் தூண்டுதலாயிற்று. அந்நாடகத்தின் கருத்தை ஒப்புவோரும் உண்டு, வெறுப்போரும் உண்டு. அது வேறு விஷயம். அந்நியர் நம்மீது ஓங்கிய பிரம்பை நாமே எடுத்து நம் சகோதரன்மீது ஓங்கினோம் என்பதை எந்தத் தேசாபிமானியும் பெருமையோடு நினைக்க முடியாது. நாடகாசிரியர் ஞாநி தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2013ஆம் ஆண்டில் இச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அரசியலமைப்புக்கு முரணானவை என்று தள்ளிற்று. பழைய 1876ஆம் வருஷத்துச் சட்டத்தையும் பாராளுமன்றம் 2017ஆம் ஆண்டின் ரத்துச் சட்டத்தால் நீக்கிவிட்டது. கட்டிடத்தில் தீ விபத்து நேராமலும், தெருவில் நெரிசல் ஏற்படாமலும் பார்ப்பது அதிகாரிகளின் கடமை. அதை எவரும் ஆட்சேபிக்கவில்லை. கதையைத் திருத்துவது அவர்கள் கடமையன்று.

ஆகவே விலங்கு கழன்றுவிட்டது. ஆயினும் நடப்பதற்கு இடமில்லையெனில் விலங்கு கழன்றதால் பயனென்ன? நாம் கவலையோடு எழுதுவது இதைப்பற்றியே.

தமிழ் நாடகத்தை இரு காலங்களில் இளம்பிள்ளைகளே தாங்கினர். 1891ஆம் வருஷத்தில் பல்லாரி கிருஷ்ணமாசார்லுவின் தெலுங்கு நாடகங்களைச் சென்னையில் கண்ட பம்மல் சம்பந்தம், தோழர் சிலருடன் சுகுண விலாச சபையை நிறுவினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. கூத்தாடியென்று இகழப்பட்ட தொழிலில், படித்த குடும்பத்துப் பிள்ளைகள் கூச்சமின்றி இறங்கினர். பிற்காலத்தில் சட்டசபையில் கர்ஜித்த சத்தியமூர்த்தி அவர்களும் அச்சபையின் மேடையில் வேஷமிட்டு நடித்தவரே.

மற்றொன்று பாய்ஸ் கம்பெனி. பெரிய நடிகர்கள் பாடத்தை விட்டு மனம்போனபடி பேசுவதைக் கண்டு சலித்த சங்கரதாஸ் சுவாமிகள், 1918ஆம் வருஷத்தில் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தார். ஆறு வயதுப் பாலகனாக அதில் சேர்ந்த டி. கே. சண்முகம், பிறகு தம் சகோதரர்களோடு 1925ஆம் வருஷத்தில் பால சண்முகானந்த சபையைக் கண்டார். அச்சபையே 1931ஆம் வருஷத்தில் 'தேசபக்தி' நாடகத்தை மேடையேற்றியது. தடை செய்யப்பட்டிருந்த வெ. சாமிநாத சர்மாவின் 'பாணபுரத்து வீர'னே பெயர் மாறி அவ்வாறு வந்தது. அப்போது சண்முகத்துக்கு வயது பத்தொன்பது. என். எஸ். கிருஷ்ணனும், எம். ஜி. இராமச்சந்திரனும், பி. யு. சின்னப்பாவும், சிவாஜி கணேசனும் இத்தகைய பால சபைகள் அளித்த செல்வங்கள்.

இப்பெருமையைச் சொல்லும்போது அதன் விலையையும் மறைக்கலாகாது. கம்பெனியில் சேர்ந்த பிள்ளைகள் பெரும்பாலும் வறுமையால் வந்தவர்கள். வீட்டில் சோறில்லை, கம்பெனியில் சோறுண்டு. பள்ளிக்கூடம் போயிற்று, தாய்முகம் மறந்தது, பாடம் தவறினால் வாத்தியாரின் பிரம்பு பேசிற்று. இரவெல்லாம் கண்விழித்து ஸ்திரீபார்ட்டும் ராஜபார்ட்டும் ஆடிய சிறுவனுக்கு, மகரக்கட்டு வந்து குரலுடைந்ததும் எதிர்காலம் இருண்டது. நூற்றில் ஒருவன் புகழேணியில் ஏறினான். மற்றவர் பெயர் எவருக்கும் தெரியாது. அந்த ஏற்பாடு திரும்ப வேண்டுமென்று நாம் ஒருபோதும் சொல்லோம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்று ஏழைப் பிள்ளைக்கு மேடையிருந்தது, பள்ளிக்கூடமில்லை. இன்று பள்ளிக்கூடமிருக்கிறது, மேடையில்லை. இரண்டையும் ஒருங்கே தருதல் ஆகாத காரியமா? மூன்று வேண்டுகோள்களை ஊராரின் முன் வைக்கிறோம்.

முதலாவது, நகர சபையார்க்கு. வரிப்பணத்தில் எழுந்த மண்டபங்களை மாதத்தில் சில மாலைகளேனும் வாலிபர் நாடகக் குழுக்களுக்குச் சொற்ப வாடகைக்குத் தருக. வெளிச்சமும் கூரையும் ஒரு பலகை மேடையும் போதும்; வெல்வெட்டுப் படுதாவை அவர்கள் கேட்கவில்லை. இரண்டாவது, பள்ளிக்கூட நிர்வாகிகளுக்கு. ஆண்டு விழாவன்று மட்டும் திறந்து, மற்ற நாட்களில் பழைய பெஞ்சுகளைப் போட்டு வைக்கும் கூடங்களை மாலையில் ஒத்திகைக்குத் திறந்துவிடுக. படிப்புக் கெடாமல் நடிப்புப் பயில அதைவிட நல்ல இடமில்லை. மூன்றாவது, நம்மைப் போன்ற பெரியவர்களுக்கு. இலவசப் பாஸ் கேட்காமல் டிக்கெட்டு வாங்கிப் போவோம். மாலையும் பொன்னாடையும் ஒத்திகைச் செலவுக்கு உதவா.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. சுதந்திரம் கிடைத்துவிட்டது என்பதால் பாடத்தைக் கைவிடாதீர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களை நாடியது எழுதிய சொல்லுக்கு மதிப்புத் தேடியே. உச்சரிப்பில் ழகரம் வழுவினால் ஏரியின் கதையும் வழுவிவிடும். பெயர் குறித்து ஒருவரை இழிவு செய்தால் கைதட்டல் கிடைக்கும்; கதை செத்துவிடும். ஏரியை இழந்த குடியானவனை மேடையில் நிறுத்துங்கள். அவன் பேசட்டும். அதற்கு மேல் பிரசங்கம் வேண்டாம்.

மண்டபம் கிடைக்கும் வரை அப்பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. நமது அச்சுக்கூடத்தின் பின்புறம் காகிதக் கட்டுகள் இறக்கும் முற்றமொன்றிருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை அதைக் காலி செய்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம். நாடகப் பிரதியை நாம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். கதை பிடித்தால் கைதட்டுவோம். பிடிக்காவிட்டால் மறுநாள் இதே பத்தியில் கண்டித்து எழுதுவோம். சுதந்திர நாட்டில் நாடகத்துக்கு உரிய தணிக்கை அது ஒன்றே. டிக்கெட்டு வாசலில் விற்கப்படும். நேயர்கள் குடும்பத்தோடு வருவார்களென்று நம்புகிறோம்.